"சோறு போடுறோம், ஃபீஸ் கட்டுறோம், அப்புறம் என்ன டிப்ரஷன்?"

போன வாரம் ஒரு ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம். 'வளரிளம் பருவ மனநலம்'னு பெருசா பேனர் கட்டியிருந்தாங்க. பரவாயில்லையே, இதைப் பத்தியெல்லாம் பேச ஆரம்பிச்சுட்டாங்களேன்னு ஆசையா முன் வரிசையில போய் உக்காந்தேன்.

பேச வந்தவர் மைக்கைப் பிடிச்சதும் கேட்டார். "நாங்க படிக்கிறப்ப டிப்ரஷன்னு ஒண்ணு இருந்துச்சா? அடி வாங்கினோம், அழுதோம், மறுநாள் ஸ்கூலுக்குப் போனோம். இப்ப உள்ள புள்ளைகளுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்குது. அதான் வியாதி. காரணம் ஒண்ணே ஒண்ணு. செல்போன்!"

ஹால் முழுக்கக் கைதட்டல்.

எனக்குப் பக்கத்துல இருந்த அம்மா தன் பொண்ணைத் திரும்பிப் பாத்து, "கேட்டுக்க"ன்னாங்க. அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல. கட்டை விரல் நகத்தைப் பிச்சுக்கிட்டே இருந்துச்சு. நகம் முடிஞ்சு தோலு வரைக்கும் போயிருந்துச்சு.

எனக்கு வந்த கோபம் இன்னும் தீரல. அதான் உக்காந்து எழுதுறேன். நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த "இருந்துச்சா?"ங்கிற கேள்வி.

இருந்துச்சுங்க. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிச்சாங்க. குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிட்டுப் போனாங்க. "இவனுக்குப் படிப்பு ஏறல"ன்னு மில்லு வேலைக்கு அனுப்புனாங்க. "வயசுப் பொண்ணு, ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிரும்"னு பதினாறு வயசுல தாலி கட்டி வச்சாங்க. ஒவ்வொரு ஊர்லயும் "அது கெணத்துல விழுந்து செத்துப்போச்சு"ன்னு மெதுவா சொல்ற ஒரு அக்கா கதை இருக்கும். உங்க ஊர்லயும் இருக்கும், பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல, 10-லேருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல ஏழுல ஒருத்தருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல நம்ம நாட்டுல எடுத்த தேசிய சர்வேயில, 13-லேருந்து 17 வயசுக்காரங்கள்ல 7.3 சதவீதம். நாப்பது பேர் இருக்கிற ஒரு வகுப்புன்னா ஏறக்குறைய மூணு புள்ளைங்க. எல்லாமே டிப்ரஷன் இல்ல, பதற்றம் மாதிரி மத்ததும் சேத்துதான். ஆனா அந்த ஹால்ல கைதட்டுனவங்க வீட்டுப் புள்ளைங்களும் அதுல கட்டாயம் இருக்கும்.

இப்ப என் அக்கா பையன் கதைக்கு வர்றேன். (அவன்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேரு, ஊரு போடாதேன்னாங்க. போடல.)

பத்தாவது வரைக்கும் ஊர் ஸ்கூல்ல தமிழ் மீடியம். நல்ல மார்க். சாயங்காலம் ஆனா கபடி. மொட்டை மாடியில கூண்டு கட்டிப் புறா வளத்தான். கர்ணப் புறா, சாதாப் புறான்னு வகை வகையா. எந்தப் புறா முட்டை வச்சிருக்கு, எது பருந்துகிட்ட தப்பிச்சு வந்துச்சுன்னு போன் போட்டுச் சொல்லுவான். எனக்குப் புறாவைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் அவன் சொன்னதுதான்.

மார்க்கைப் பாத்த சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? "இவ்வளவு மார்க் எடுத்த புள்ளைய ஊர் ஸ்கூல்லயே போட்டா வீணாப் போயிரும்." அக்கா வீட்டுக்காரர், எங்க மாமா, கடன் வாங்கி, நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல பிளஸ் ஒன் சேத்தாரு. இங்கிலீஷ் மீடியம், நீட் கோச்சிங்கோட.

காலாண்டு லீவுக்கு வந்தான்.

வந்தவன் மாடிக்கு ஏறல.

அக்கா முதல்ல கவனிச்சது அதைத்தான். பையைப் போட்டதும் மாடிக்கு ஓடுற பையன், கூண்டு இருக்கிற திசையே மறந்த மாதிரி படுத்துக் கிடந்தான். "புறாவப் பாக்கலயாப்பா?"ன்னு கேட்டா, "அப்புறம்". சாப்பிடச் சொன்னா எரிஞ்சு விழுந்தான். ரெண்டாவது முறை கூப்பிட்டதுக்குத் தட்டைத் தள்ளி விட்டான். அந்த வீட்டுல அதுவரைக்கும் யாரும் தட்டைத் தள்ளுனதில்ல.

அப்புறம் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சாங்க பாருங்க.

மாமா: "திமிரு. காசு போட்டுப் படிக்க வச்சா இப்படித்தான்."

மாமாவோட தம்பி: "லவ்வா இருக்கும். விசாரிங்க."

அக்காவோட மாமியார்: "கண்ணு பட்டிருச்சு." (சுத்திப் போட்டாங்க. பாவம், அவங்களாவது ஏதோ செஞ்சாங்க. அவன் மேல கோபப்படாத ஒரே ஆளும் அவங்கதான்.)

பக்கத்து வீட்டு சார்: "போனைப் புடுங்குங்க முதல்ல."

அந்த ஸ்கூல்ல போனே கிடையாதுங்க! ஞாயித்துக்கிழமை வார்டன் போன்ல அஞ்சு நிமிஷம், அதுவும் வார்டன் பக்கத்துல நிக்க. மாசக்கணக்கா கையில போனே இல்லாத பையனுக்கு வந்த நோய்க்கும் போன்தான் காரணம்னு சொல்றாங்கன்னா, அந்தக் காரணம் எப்பவோ ரெடி பண்ணி வச்சதுன்னு அர்த்தம்.

இந்த எரிச்சல், கோபம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். டிப்ரஷன்னா நாம நெனைக்கிறது சினிமாவுல வர்ற மாதிரி. ஜன்னல் ஓரம், கண்ணுல தண்ணி, பின்னாடி வயலின். பெரியவங்களுக்கே எப்பவும் அப்படி வர்றதில்ல. பதின்பருவத்துல அது சோகமா வராம, சிடுசிடுப்பா வரலாம். டாக்டருங்க நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துற விதிமுறையிலயே, சின்ன வயசுக்காரங்களுக்குச் சோகத்துக்குப் பதிலா எரிச்சலை எடுத்துக்கலாம்னு தனியா எழுதி வச்சிருக்காங்க. அதோட தூக்கம், பசி, கவனம் இதெல்லாம் மாறுறது, பிடிச்ச விஷயம் பிடிக்காமப் போறது, "நான் எதுக்கும் லாயக்கில்ல"ங்கிற நெனப்பு. இதுல பலது சேந்து ரெண்டு வாரத்துக்கு மேல, கிட்டத்தட்ட தினமும் இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். பசங்க விஷயத்துல இந்தச் சிடுசிடுப்பு ரொம்ப ஆபத்து. ஏன்னா அழுதா "ஆம்பளப் புள்ள அழலாமா"ங்குறோம், கத்தினா "திமிரு"ங்குறோம். மிச்சம் அவனுக்கு என்ன வழி இருக்கு, சொல்லுங்க.

அக்கா யார் பேச்சையும் கேக்கல. (என் அக்காவைப் பத்தி எனக்கு எப்பவும் பெருமை உண்டு.) நேரா மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. மனநலப் பிரிவு ஓ.பி. சீட்டு வாங்கி, மரப் பெஞ்சுல உக்காந்து, முறை வர்ற வரைக்கும் காத்திருந்தோம். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் எங்ககிட்ட பேசிட்டு, "நீங்க வெளிய இருங்கம்மா, நான் தம்பிகிட்ட தனியாப் பேசணும்"னாங்க. அக்கா முகம் சுருங்கிப்போச்சு. பெத்த தாய்க்குத் தெரியாம என்ன ரகசியம்னு.

வெளிய வந்து கதவைப் பாத்துக்கிட்டே நின்னோம். ரொம்ப நேரம் ஆச்சு. உள்ள அவன் குரல் கேட்டுச்சு. அந்த லீவுல அவன் அவ்வளவு பேசினதே இல்ல.

அப்புறம் அவன் சம்மதத்தோட டாக்டரம்மா சொன்னதும், மெல்ல மெல்ல அவனே சொன்னதும் சேத்துப் பாத்தா, ஒரு காரணம் இல்லைங்க.

தமிழ்ல படிச்சவன் திடீர்னு இங்கிலீஷ்ல பிசிக்ஸ். புரியலன்னு கை தூக்கினா சிரிப்பு. வாரா வாரம் டெஸ்ட், நோட்டீஸ் போர்டுல ரேங்க் லிஸ்ட், ரேங்க் வரிசையில வகுப்புல இடம். ஊர்ல முதல் பெஞ்சு, இங்க கடைசி பெஞ்சு. விடியக்காலை அஞ்சு மணிக்கு முன்னாடி எழுப்பி ஸ்டடி, ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்டடி. நிறத்தை வச்சு ஒரு பட்டப்பேரு. கபடி கிடையாது, கிரவுண்டே ஞாயித்துக்கிழமைதான். பத்தாவதுல கூடவே திரிஞ்ச கூட்டாளி வேற ஊர்ல, பேச வழியில்ல. இதுக்கெல்லாம் மேல, ஸ்கூல்ல சேரப் போறதுக்கு முந்தின ராத்திரி மாமா ஃபைனான்ஸ்காரங்ககிட்ட தவணைக்குக் கெஞ்சுனதை இவன் பாயில படுத்துக்கிட்டே கேட்டிருக்கான். "எனக்காகக் கெஞ்சுறாரு, நான் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன்." இது அவன் சொன்ன வார்த்தை. அதுக்கு அப்புறம் மாமா 'திமிரு'ங்கிற சொல்லையே விட்டுட்டாரு.

டிவிஎஸ் எக்ஸெல்ல மூட்டை ஏத்துறதைப் பாத்திருப்பீங்க. முன்னாடி ரெண்டு, பின்னாடி மூணு, பக்கத்துல தொங்குறது ரெண்டு. வண்டி ஏறாம நின்னா எந்த மூட்டையால நின்னுச்சுன்னு கேப்பீங்களா?

டிப்ரஷனுக்கும் அந்தக் கேள்வி பொருந்தாது. "எதனால வந்துச்சு?"ன்னு கேட்டு ஒத்தை ஆளைப் பிடிச்சு உள்ள போடுற வேலையை விட்டுட்டு, "என்னென்ன ஏறியிருக்கு, இதுல எதை இன்னைக்கே இறக்கலாம்?"னு கேக்கணும். நான் இந்தப் பதிவுல சொல்ல வந்ததே இது ஒண்ணுதான்.

வண்டியே எப்படிப்பட்டதுங்கிறதும் இருக்கு. அதையும் பேசணும். டாக்டரம்மா அக்காகிட்ட கேட்டாங்க, "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" அக்கா இல்லன்னு தலையாட்டினா. கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு வருஷம் எதுவுமே பிடிக்கலங்க. அழுதுக்கிட்டே இருப்பேன். அதெல்லாம் கணக்கா?"ன்னா. கணக்குதான். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு டிப்ரஷன் இருந்தா, புள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மூணு மடங்கு அதிகம். அதுக்காக இது தலையெழுத்து இல்ல, அம்மா மேல பழியும் இல்ல. சர்க்கரை நோய்க்குக் கேக்குறோமே அப்பாவுக்கு இருக்கான்னு, அதே மாதிரித் தெரிஞ்சு வச்சுக்கணும். அக்கா அன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு வருஷத்தை யார்கிட்டயும் சொன்னதில்ல. என்கிட்டகூட.

இயல்பும் ஒரு காரணம். சில புள்ளைங்க வாத்தியார் திட்டினதை ஸ்கூல் கேட்டுலயே விட்டுட்டு வந்துரும். சில புள்ளைங்க அதையே ராத்திரி முழுக்கத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பாக்கும். எல்லாத்துக்கும் "என் தப்புதான்"னு முடிக்கும். இவன் ரெண்டாவது ரகம்.

தூக்கத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இது நாம இன்னைக்கே கையில எடுக்கக்கூடியது.

13-லேருந்து 18 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 8-லேருந்து 10 மணி நேரம் தூங்கணும். பருவம் வந்ததும் உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரமே தள்ளிப் போயிரும். தூக்கம் வரவைக்கிற மெலடோனின் ராத்திரி லேட்டாத்தான் சுரக்கும். அதனால பதினஞ்சு வயசுப் புள்ளைக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வரல, காலையில எந்திரிக்க முடியலன்னா அது சோம்பேறித்தனம் இல்ல, உடம்போட வேலை. நம்ம ஊர் டைம்டேபிளை இதோட வச்சுப் பாருங்க. விடியக்காலை டியூஷன், பஸ், ஸ்கூல், ஸ்பெஷல் கிளாஸ், சாயங்கால டியூஷன், வீட்டுப்பாடம். எங்க இருக்கு எட்டு மணி நேரம்? தூக்கம் கெட்டா மனசு கெடும், மனசு கெட்டா தூக்கம் கெடும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கீழ போகும்.

இங்கதான் போனோட பங்கும் வருது. போன் ஒண்ணுமே பண்ணாதுன்னு நான் சொல்ல வரல. படுக்கையில ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்தா தூக்கம் போகும். வாட்ஸ்அப் குரூப்ல ஒரு புள்ளையோட போட்டோவை வச்சு ஓட்டினா, முன்னாடியெல்லாம் ஸ்கூலோட முடிஞ்ச கேலி இப்ப போர்வைக்குள்ளயும் வருது. இதெல்லாம் நிஜம். ஆனா எத்தனையோ புள்ளைங்களுக்கு ஆறுதலா பேசுற ஒரே கூட்டாளி அந்தப் போனுக்குள்ளதான் இருக்காங்க. படக்குன்னு புடுங்குனா அந்த வாசலும் மூடிக்கும். ராத்திரி போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கணும், வீட்டுல எல்லாரோட போனும், அப்பா போனும் சேத்துன்னு வச்சுப் பாருங்க. அக்கா வீட்டுல இப்ப அதான் சட்டம். மாமாதான் முதல்ல கொண்டுபோய் வைக்கிறாரு.

அப்புறம் மார்க்கு. 2022-ல மட்டும் நம்ம நாட்டுல 13,000-க்கும் மேல மாணவர்கள் தற்கொலை பண்ணிக்கிட்டதா தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்லுது. அதுல எல்லாத்துக்கும் பரீட்சை காரணமில்ல. அங்கயும் மூட்டைகள் பலது. ஆனா பரீட்சைங்கிற மூட்டையை அரசாங்கமே இறக்க முடியும்னு தமிழ்நாடு காட்டியிருக்கு. ஃபெயிலானா ஒரு வருஷம் வீட்டுல உக்காரணும்ங்கிறது போயி, துணைத் தேர்வு எழுதி அதே வருஷம் மேல படிக்கப் போகலாம்னு ஆச்சு. சென்னையில 1986-லேருந்து தற்கொலைத் தடுப்பு வேலை செய்யுற 'சிநேகா' அமைப்பு, அதை ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமார், இவங்கல்லாம் இதுக்காகக் குரல் கொடுத்தவங்க. 2017-ல மாநில ரேங்க் அறிவிக்கிறதையும் அரசு நிறுத்துச்சு. நல்ல காரியம். ஆனா மாநிலத்துக்கு ரேங்க் வேணாம்னு ஆனதுக்கு அப்புறமும் ஒவ்வொரு ஸ்கூல் நோட்டீஸ் போர்டுலயும் வாரா வாரம் ரேங்க் ஒட்டுறாங்களே, அதை யார் கேக்குறது? பெத்தவங்கதான் கேக்கணும். பத்துப் பேர் சேந்து போய்க் கேட்டா நடக்கும்.

சாதி. இதைப் பேசாம பள்ளிக்கூடத்து மனநலம் பேசறது எனக்குச் சம்மதமில்ல. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில பிளஸ் டூ படிச்ச ஒரு தலித் பையனைக் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கு அப்புறம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசு குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. கையில கலர் கயிறு கட்டிக்கிட்டு வர்றதைத் தடுக்கணும்னு அதுல இருக்கு. ஒரு கயிறு நெறத்தை வச்சு யார் கூட உக்காரலாம், யார் தண்ணி பாட்டிலைத் தொடலாம்னு முடிவாகுற வகுப்புல, தெனமும் எட்டு மணி நேரம் இருக்கிற புள்ளையோட மனசு எப்படி இருக்கும்? அந்தப் புள்ளைக்குப் போய் "பாசிட்டிவா யோசி"ன்னு வகுப்பு எடுத்தா எப்படி?

பொண்ணுங்களுக்கு வேற மூட்டைகள். பருவம் வர்ற வரைக்கும் ஆணும் பொண்ணும் கிட்டத்தட்ட சமம். அதுக்கு அப்புறம் பொண்ணுங்களுக்கு டிப்ரஷன் வர்றது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஹார்மோன் மட்டும் இல்ல. வயசுக்கு வந்த மறுநாள்லேருந்து சைக்கிள் நிக்கும், விளையாட்டு நிக்கும், சிரிக்கிற சத்தம் குறையணும். "என்னடி இப்படிக் கறுத்துட்ட?" "என்ன, இப்படி ஊதிட்ட?" கல்யாண வீட்டுல நல்லா இருக்கியான்னு கேக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் கேக்குறோம். பதினாலு வயசுல இதைக் கேட்ட ஒரு புள்ளைக்கு, சாப்பாட்டுத் தட்டைப் பாத்தாலே அதுதான் ஞாபகம் வரும். வீட்டுக்குள்ளயே தெரிஞ்ச ஆளோட தொல்லை இருந்து வெளிய சொல்ல முடியாத புள்ளைங்களும் உண்டு. திடீர்னு ஒரு சொந்தக்காரர் வந்தா மட்டும் ரூமை விட்டு வராத புள்ளையை "மரியாதை தெரியல"ன்னு திட்டாதீங்க. தனியா கூப்பிட்டுக் கேளுங்க. நம்புங்க. குழந்தைகளுக்கான 1098 எண் இதுக்கும்தான்.

இன்னொண்ணு, ரத்தசோகை. நம்ம நாட்டுல 15-லேருந்து 19 வயசுப் பொண்ணுங்கள்ல 59 சதவீதத்துக்கு ரத்தசோகைன்னு தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) சொல்லுது. ரத்தம் கம்மியானாலும், தைராய்டு சரியில்லன்னாலும் அசதி, கவனமின்மை, எதுலயும் நாட்டமில்லாம இருக்கிறது, எல்லாம் வரும். அதனாலதான் எங்க டாக்டரம்மா முதல்ல ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாங்க.

சரி, அப்புறம் என்னதான் பண்ணோம்?

நிறைய பண்ணிப் பாத்தோம். சிலது எடுபடல. எதிர்ல உக்கார வச்சு "மனசு விட்டுப் பேசுப்பா"ன்னா வாயே திறக்க மாட்டான். டைரி வாங்கிக் கொடுத்தோம், அப்படியே புதுசா இருக்கு. யோகா கிளாஸுக்கு ரெண்டு மூணு தடவை போய்ட்டு நின்னுட்டான். ஆனா அக்கா கூட மார்க்கெட்டுக்கு வண்டியில பின்னாடி உக்காந்து போறப்ப பேசினான். மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல பாருங்க! என்கூட வெங்காயம் உரிச்சுக்கிட்டே பேசினான், கண்ணுல தண்ணி வந்தாலும் வெங்காயத்து மேல பழி போட்டுக்கலாம். கையும் கண்ணும் வேற வேலையில இருந்தா வாய் தானா திறக்குது.

டாக்டரம்மா சொன்னதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது புறா விஷயம்தான். "ஆசை வந்ததும் மாடிக்குப் போகலாம்னு இருக்காதே. காலையில ஒரு தடவை ஏறு, ஒரு கை கம்பு போடு, இறங்கி வந்துரு. பிடிக்கலன்னாலும் பரவாயில்ல"ன்னாங்க. டிப்ரஷன்ல இருக்கிறவங்களுக்கு முதல்ல ஆசை வந்து அப்புறம் செயல் வராதாம். செயலைக் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சா ஆசை பின்னாடி வருமாம். இது ஒரு சிகிச்சை முறையே. முதல்ல கம்பை வீசிட்டு அடுத்த நிமிஷம் இறங்கிருவான். கூண்டைக்கூட பாக்க மாட்டான். அப்புறம் ஒருநாள் இறங்க நேரமாச்சு. என்னன்னு கேட்டா, ஒரு குஞ்சுக்குக் காலு கோணியிருக்கு, நூலு கட்டி நேராக்கிக்கிட்டு இருந்தேன்னான். அக்கா எனக்குப் போன் போட்டு அழுதா. சந்தோஷத்துல.

ஸ்கூலை மாத்தினோம். கட்டின ஃபீஸ் போச்சு. சொந்தக்காரங்க பேச்சு எக்கச்சக்கம். இப்ப பக்கத்து டவுன் அரசுப் பள்ளியில தமிழ் மீடியம், சாயங்காலம் கபடி. மாமா அவனை உக்கார வச்சு, "கடன் என் கணக்கு. அதை அடைக்கிறது என் வேலை. உன் வேலை இல்ல"ன்னு சொன்னாரு. அதைச் சொல்றதுக்கு மாமாவுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா சொன்னாரு.

மருந்தைப் பத்திப் பலரும் பயப்படுறாங்க. எல்லாப் புள்ளைக்கும் மாத்திரை தேவைப்படாது. லேசா இருந்தா பேச்சு சிகிச்சையும் இந்த மாதிரி மாற்றங்களுமே போதும். கொஞ்சம் தீவிரமா இருந்தா மாத்திரையும் பேச்சும் சேந்தது நல்லா வேலை செய்யுது. அமெரிக்காவுல 12-லேருந்து 17 வயசுள்ள 439 பேரை வச்சு நடத்தி 2004-ல வெளியான ஆய்வுல, ரெண்டும் சேத்துக் கொடுத்தவங்கள்ல 71 சதவீதம் பேருக்குப் பன்னண்டு வாரத்துல நல்ல முன்னேற்றம். மாத்திரை ஆரம்பிக்கிற முதல் வாரங்கள்ல புள்ளையைக் கூடுதலா கவனிக்கணும், டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. இது ரெண்டும் முக்கியம்.

பள்ளிக்கூடமே மருந்தா இருக்க முடியுமான்னு கேட்டா, முடியும். பீகார் நாளந்தா மாவட்டத்துல 74 அரசுப் பள்ளிகள்ல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 2018-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. டாக்டர் பட்டமெல்லாம் இல்லாத, பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆள் ஒருத்தரை ஸ்கூல்ல போட்டாங்க. புள்ளைங்க மனசுல இருக்கிறதை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, தேவைப்பட்டவங்களுக்குத் தனியா பேச நேரம். அந்த ஸ்கூல்கள்ல டிப்ரஷன் அறிகுறியும் குறைஞ்சுச்சு, ஒருத்தரை ஒருத்தர் சீண்டுறதும் குறைஞ்சுச்சு. அதே வேலையை வாத்தியார் தலையில கட்டின ஸ்கூல்கள்ல பெருசா பலன் இல்ல. ஏற்கெனவே பாடம், பரீட்சை, கல்வித்துறையோட எமிஸ் ஆன்லைன் பதிவுன்னு ஓடுற வாத்தியார்கிட்ட இதையும் கொடுத்தா எப்படி நடக்கும்? மார்க் போடுற ஆள்கிட்டயே போய் மனசைத் திறக்கப் புள்ளைக்கும் தயக்கம் இருக்கும்ல (இது என் எண்ணம்). நம்ம அரசுப் பள்ளிகள்லயும் 'மாணவர் மனசு'ன்னு பெட்டி இருக்கு. பெட்டி நல்ல ஆரம்பம். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு ஆள் வேணும், தனியாருக்கும் சேத்து. அதுக்குத்தான் நாம சண்டை போடணும்.

கடைசியா ஒரு பயம். "சாகணும்னு தோணுதான்னு நாமளே கேட்டா, இல்லாத நெனப்பை விதைச்ச மாதிரி ஆயிராதா?" அக்காவும் இதைத்தான் கேட்டா. ஆகாது. கேக்குறதால அந்த எண்ணம் வர்றதில்லன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது. கேட்டா, "அப்பாடா, ஒருத்தர் கேட்டுட்டாங்க"ன்னு பாரம்தான் குறையும். நேராக் கேளுங்க. "வாழ வேணாம்னு தோணுதாப்பா?" ஆமான்னா பதறாதீங்க, திட்டாதீங்க, சத்தியம் வாங்காதீங்க. தனியா விடாம, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

நடு ராத்திரியா இருந்தா 14416. டெலி-மானஸ், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. 104-லயும் பேசலாம். புள்ளைதான் பேசணும்னு இல்ல, அப்பா அம்மாவும் "என் பையன் இப்படி இருக்கான், நான் என்ன பண்றது?"ன்னு கேக்கலாம். ஒவ்வொரு மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியிலயும் மனநல ஓ.பி. இருக்கு.

முதல்ல பாத்த கவுன்சிலர் புள்ளைக்கு ஒத்துப் போகலன்னா, "கவுன்சிலிங்கே வேஸ்ட்"னு விட்டுறாதீங்க. எங்க பையனுக்கும் முதல் ஆளைப் பிடிக்கல. கேள்வியா கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாராம். ரெண்டாவதா மாத்திக் கொடுத்தவர் எடுத்ததுமே, "நீ ரைடரா, டிஃபெண்டரா?"ன்னு கேட்டிருக்காரு. அவர்கிட்டதான் இப்பவும் போய்க்கிட்டு இருக்கான்.